சந்துக் கதையைச் சந்திலேயே பதிவு செய்யுங்கள்

கேள்வி: மும்பை தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கம் இருக்கும் நாங்கள் நாலைந்து பேர், மறுகட்டுமானத்துக்காகச் சந்து இடிபடுவதற்கு முன் பெரியவர்களின் கதைகளைப் பதிவு செய்ய நினைக்கிறோம். ஒரு கூடத்தில் உட்கார வைத்து "உங்க கதையச் சொல்லுங்க" என்று கேட்டால், "திருநெல்வேலிப் பக்கம் ஊரு, அப்பா டேனரில வேல பாத்தாரு, கஷ்டப்பட்டோம்" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். வாசலில் இதே ஆட்கள் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். எங்கே தவறு?

பதில்:

தவறு அந்தக் கூடத்தில் இருக்கிறது. நாற்காலி, எதிரே ஒரு இளைஞர், நடுவில் மைக் என்று அமைத்துவிட்டால் அது அவர்களுக்குப் பழக்கமான ஒரு காட்சி: சர்வே எடுக்க வந்தவர், ரேஷன் ஆபீஸ் ஆள், என்ஜிஓ ஆள். அந்தக் காட்சிக்கென்று ஒரு பதில் பல வருடமாகத் தயாராக இருக்கிறது. நீங்கள் கேட்டது அந்தப் பதிலைத்தான். வாசலில் ஓடும் கதை வேறு. அதை உருவாக்குவதில் சந்தின் அகலத்துக்கும் குழாயின் நேரத்துக்கும் கதவின் திசைக்கும் பங்கு இருக்கிறது.

உங்கள் சந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அகலம் மூன்று நாலு அடி. எதிரெதிர்க் கதவுகள். மேல் கோலிக்கு, அதாவது மாடி அறைக்கு, போகும் இரும்பு ஏணி வெளியே சந்தில் நிற்பதால் மேலே இருப்பவரும் இறங்கி ஏறும்போது கூட்டத்துக்குள் வந்துதான் போக வேண்டும். வீட்டுக்குள் இடமும் வெளிச்சமும் போதாததால் பூண்டு உரிப்பது, அரிசி புடைப்பது, கூலிக்கு எடுத்து வந்த சாமானைப் பிரிப்பது எல்லாம் வாசப்படியில் நடக்கின்றன. கைக்கு வேலை, வாய்க்கும் காதுக்கும் ஓய்வு. ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் எதிர் வாசல் அக்கா "அது அந்த வருசம் இல்ல ஆச்சி, மூத்தவ பொறந்த வருசம்" என்று திருத்துவார். ஏணியில் இறங்குகிறவர் விட்டுப்போன பெயரை எடுத்துக் கொடுப்பார். கதை நீளமாவது இப்படித்தான். பாதிக் கதை கேட்பவர்களிடம் இருக்கிறது. ஆச்சியை மட்டும் தனியாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தால் அந்தப் பாதி சந்திலேயே தங்கிவிடும்.

குழாய் இன்னொரு கடிகாரம். தண்ணீர் ஒரு நாளில் சில மணி நேரம்தான் வருகிறது என்றால், வருவதற்கு முந்தைய அரை மணி காத்திருக்கும் நேரம். அங்கே கதை தொடங்கும். "தண்ணி வந்துட்டு" என்ற குரல் கேட்டதும் வாக்கியத்தின் நடுவில் நிற்கும். மறுநாள் "நேத்து எங்க விட்டேன்?" என்று தொடரும். குழாயடிக் கதைகள் தொடர்கதைகளாக இருப்பதற்குத் தண்ணீர் விடும் நேர அட்டவணை ஒரு காரணம்.

இதே விதி லோக்கல் ரயிலிலும் உண்டு. பக்கத்துச் சயானில் ஏறி சிஎஸ்எம்டி என்ற கடைசி ஸ்டேஷனுக்குப் போகிறவருக்கும் கல்யாணில் ஏறி 54 கிலோமீட்டர் போகிறவருக்கும் ஒரே அளவு கதை இருக்க முடியாது. மூன்று பேருக்கான இருக்கையில் நாலாவது ஆள் நுனியில் ஒட்டிக்கொள்வதும், முழங்கால்களுக்கு நடுவில் இன்னும் சிலர் நிற்பதும் சேர்ந்து எட்டுப் பத்துப் பேர் கொண்ட வட்டம் ஒன்றை உண்டாக்குகின்றன. தினமும் அதே வண்டி, அதே பெட்டி என்பதால் கதைமாந்தரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. "அந்த மாமியார்" என்றால் எல்லோருக்கும் தெரியும். பெண்கள் பெட்டியில் வளரும் குடும்பக் கதைகளைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. தாதர் வந்தால் பாதிப் பேர் இறங்குவார்கள் என்பதால் முக்கியமான திருப்பத்தைச் சொல்பவர் தாதருக்கு முன்னாலேயே வைத்துவிடுவார்.

1920களில் பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட் கட்டிய பிடிடி சால்கள் என்ற வரிசை அறைக் குடியிருப்புகளைப் பாருங்கள். ஒரு மாடிக்கு 20 அறை, நடுவில் நடைபாதை, இருபக்கமும் பத்துப் பத்துக் கதவு, ஒவ்வொன்றும் சுமார் 160 சதுர அடி. அந்த நடைபாதையே அந்த மாடியின் கூடம். இப்போது அங்கே இருப்பவர்களுக்குக் கோபுரத்தில் 500 சதுர அடி வீடு. தாராவியில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருக்கும் தகுதியுள்ளவர்களுக்கு 350 சதுர அடி என்று சொல்லியிருக்கிறார்கள். குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் (எஸ்ஆர்ஏ) கட்டடங்களில் 225 சதுர அடியில் தொடங்கி 269, 300 என்று அளவு ஏறியது. ஏறிய சதுர அடியெல்லாம் கதவுக்கு உள்ளே. கதவுக்கு வெளியே இருப்பது இருட்டு நடைபாதையும் லிஃப்டும். லிஃப்டில் ஏழு மாடி ஏறும் நேரத்தில் "சாப்பாடு ஆச்சா?" கேட்கலாம், 1960களில் ரயிலேறி வந்த கதையைத் தொடங்க முடியாது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பழைய சந்தைப் பொற்காலமாக்கும் ஆசை பதிவு செய்பவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடும். பொதுக் கழிப்பறை வரிசையில் கதை பிறந்தது உண்மை. ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாக அங்கே போகப் பயந்து, சாயங்காலத்தில் இருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்களின் கதையும் அங்கேதான் பிறந்தது. அதைச் சந்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்குள் கழிப்பறை வந்த பிறகுதான் பலர் அதைப் பற்றி வாய் திறப்பார்கள். புதுக் கட்டடம் ஒருவகைக் கதையை அடைக்கிறது, இன்னொரு வகைக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவைக் கொடுக்கிறது. இரண்டுக்கும் உங்கள் பதிவில் இடம் வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம்.

முதல் வாரம் ரெக்கார்டரை எடுக்காதீர்கள். ஏ3 தாளில் சந்தை வரையுங்கள். டேப் வைத்து அளக்க வேண்டாம், ஆட்கள் சர்வே என்று நினைத்துவிடுவார்கள். காலடியால் எண்ணினால் போதும். குழாய், ஏணி, ஓட்டா (வாசல் திண்ணை), மாவு மில், கோயில், நிழல் விழும் பக்கம், கட்டர் (சாக்கடை) மூடி இவ்வளவையும் குறியுங்கள். வீடுகளுக்கு ஆள் பெயர் எழுதாமல் நீங்களே ஒரு குறி கொடுங்கள்: அ1, அ2, எதிர் வரிசை ஆ1, ஆ2. இன்னொரு தாளில் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் கட்டம் போட்டு, யார் எப்போது எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். இட்லி வியாபாரம் செய்யும் வீடு விடியலுக்கு முன்பே எழுந்துவிடும். அவர்களிடம் காலையில் போய் நின்றால் வேலையைக் கெடுப்பீர்கள், மதியத் தூக்கம் கலைந்து டீ குடிக்கும் நேரம்தான் அவர்களுடையது. இந்த இரண்டு தாளும் கையில் இருந்தால் எந்த வாசலில், எந்த நேரத்தில், யார் யார் இருக்கும்போது பதிவு செய்வது என்பது தானாகத் தெரியும்.

கருவிக்குப் பெரிய செலவு தேவையில்லை. போனே போதும், ஆனால் கூடவரும் ரெக்கார்டர் ஆப் ஒலியை நசுக்கிச் சேமிக்கிறதா என்று பாருங்கள். டபிள்யூஏவி (WAV) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்று வைக்க முடிகிற ஆப்பைப் போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் 60 மணி நேரம் அடங்கும். போனை ஏரோப்ளேன் மோடில் போட மறக்காதீர்கள். அழைப்பு வந்தால் சில போன்களில் பதிவு அங்கேயே நின்றுவிடும், அது நின்றது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

சட்டையில் குத்தும் கம்பி மைக்கைத் தாடையில் இருந்து ஒரு சாண் கீழே வையுங்கள். சேலை கட்டியவருக்கு முந்தானையில் குத்தினால் ஒவ்வொரு அசைவுக்கும் சரசரவென்று கேட்கும். தோளில் மடிப்பு அசையாத இடத்தில் அவரையே குத்திக்கொள்ளச் சொல்லுங்கள், கம்பியை ஒரு சிறு வளையம் விட்டு டேப்பால் ஒட்டுங்கள். தாலிச் சங்கிலியும் கண்ணாடி வளையலும் மைக்கில் இடிக்காத பக்கம் பாருங்கள். ஆப்பில் தெரியும் சத்த அளவு உச்சத்தில் மைனஸ் 12 டெசிபெலைத் தொடுகிற மாதிரி வைத்தால் போதும். ஆச்சி திடீரென்று சிரித்தால் ஒலி கிழியாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

இதைவிட முக்கியம் இரண்டாவது மைக். இன்னொரு போனை வட்டத்தின் நடுவில், மடித்த துண்டின் மேல் வையுங்கள். தரையில் நேராக வைத்தால் மாவு மில்லின் அதிர்வு ஏறும். திருத்துகிற அக்காவின் குரல் அதில்தான் விழும். இரண்டு போனையும் ஓட விட்ட பிறகு ஒருமுறை கை தட்டுங்கள். பிறகு இரண்டு பதிவையும் ஒன்றாகப் பொருத்த அந்தத் தட்டல் உதவும். முடிவில் யாரும் பேசாமல் 30 விநாடி சந்தின் சத்தத்தை மட்டும் எடுங்கள். குக்கர் விசில், பாங்கொலி, தள்ளுவண்டிக்காரர் குரல் எதையும் தொந்தரவு என்று நினைக்காதீர்கள். இடம் மாறிய பின் அந்த 30 விநாடிகளைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பப் போடச் சொல்வார்கள். மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். மே மாதத்தில் அதையும் கேட்க மனம் வராது. அப்போது விசிறி மைக்குக்குப் பின்பக்கம் வருகிற மாதிரி உட்கார வையுங்கள்.

கேள்விகளைப் பொருளில் இருந்து தொடங்குங்கள். "உங்கள் வாழ்க்கையைப் பற்றி" என்றால் சுருக்கம் கிடைக்கும். "ஆச்சி, இந்த ஏணி எப்ப வச்சது? அதுக்கு முந்தி மேல ஆள் இருந்தாங்களா?" என்றால் கடன் வாங்கிய கதை, வெல்டிங் ஆள், மேல் கோலிக்கு வாடகைக்கு வந்த முதல் குடும்பம், அந்தக் குடும்பத்தின் சண்டை எல்லாம் வரிசையாக வரும். "குழாய் வர்றதுக்கு முன்னால தண்ணி எங்க பிடிச்சீங்க?", "இந்தச் சந்துல மொத டிவி யாரு வீட்டுல? எங்க உக்காந்து பாத்தீங்க?", "ஊருக்கு போன் பண்ண எந்த பூத்துக்குப் போவீங்க?" ஒவ்வொன்றும் ஒரு கருவியையும் ஓர் இடத்தையும் சேர்த்துக் கேட்கிறது. 60 அடி ரோடு, 90 அடி ரோடு என்ற பெயர்களைக்கூடக் கேளுங்கள்: திட்டத் தாளில் இருந்த அகலம் ரோட்டின் பெயராகிவிட்டது. அதற்கு முன் அந்த இடத்தை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டால் வேறொரு வரைபடம் கிடைக்கும்.

ஊருக்குச் சேதி அனுப்பிய வழிகளைத் தனியாக ஒருநாள் கேளுங்கள். மணியார்டர் படிவத்தில் சேதி எழுத ஒரு சிறிய கட்டம்தான். அதில் "நலம், பணம் கிடைத்ததும் எழுதவும்" என்பதற்கு மேல் அடங்காது. பம்பாயில் நடந்த கஷ்டம் ஊருக்குத் தெரியாமல் போனதற்கு அந்தக் கட்டமும் ஒரு காரணம். நீலநிற இன்லண்ட் லெட்டரில் ஓரத்தில், மடிக்கும் பகுதியில் எல்லாம் எழுதிக் கொஞ்சம் கதை சொன்னார்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதினார் என்றால், புருசன் பெண்சாதிக்குள் இருந்த பேச்சு மூன்றாம் ஆளின் கைவழியாகத்தான் போயிருக்கும். எஸ்டிடி பூத்தில் கண்ணெதிரே சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருக்கும். தலைப்புச் செய்தி மட்டும்தான் சொல்ல முடியும். 2013 ஜூலையில் தந்தி நின்றது. அதுவரை தந்தி என்றாலே பலர் வீட்டில் சாவுதான். இன்றைய வாட்ஸ்அப் குரல் பதிவு கட்டை விரலை அழுத்தினால் ஓடுகிறது, கேட்பவர் அதை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுகிறார். நிறுத்தி நிறுத்திப் பேசும் பெரியவருக்கு அந்த வேகம் ஏற்றதல்ல. அவர் விடும் இடைவெளியில்தான் அடுத்த ஆள் "உம்" கொட்டுவார், குரல் பதிவில் உம் கொட்ட ஆளில்லை. வீடியோ எடுக்கும்போதும் இதே சிக்கல். ரீல்ஸுக்காகப் போனை நிமிர்த்திப் பிடித்தால் ஆச்சி முகம் மட்டும் விழும். எதிர் வாசல் அக்கா சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். படுக்க வைத்துப் பிடியுங்கள்.

வருடக் கணக்கில் மிகுந்த கவனம் வேண்டும். "எப்ப வந்தீங்க?" என்பது தாராவியில் சாதாரணக் கேள்வி அல்ல. 1976-ல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து போட்டோ பாஸ் என்ற அடையாள அட்டை கொடுத்தார்கள். அதன் பிறகு தகுதித் தேதி 1985, 1995, 2000 என்று மாறிக்கொண்டே வந்தது. அந்தத் தேதிக்கு முன் இருந்ததற்கு அத்தாட்சி இருந்தால் வீடு, இல்லையென்றால் இல்லை. பத்திருபது வருடம் இப்படிக் கேட்கப்பட்ட மனிதர் தன் வாழ்க்கையைக் கல்யாணம், பிள்ளைப்பேறு என்று சொல்வதற்குப் பதில் ரேஷன் கார்டு, லைட் பில், வோட்டர் லிஸ்ட் என்று அடுக்கப் பழகியிருப்பார். உங்களுக்குக் கிடைத்த பத்து நிமிடச் சுருக்கம் அந்தப் பழக்கத்தின் விளைவு. அதனால் வருடத்தை நேராகக் கேட்காதீர்கள். பஞ்சாலை மில் ஸ்டிரைக் நடந்தபோது, அதாவது 1982-ல், இந்த வீட்டில் யார் யார் இருந்தீர்கள்? 2005 ஜூலை 26 மழையில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது? சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய மழை அது. ஒவ்வொரு வாசலும் தன் உயரத்தை நினைவில் வைத்திருக்கும்.

வந்த வருடம், கோலியை யாரிடம் வாங்கியது, மேல் மாடியை யாருக்கு விட்டது என்ற விவரங்கள் பதிவில் வந்தால் அந்தப் பகுதியை வெளியிடாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். காகிதத்தில் இருப்பதற்கும் வாயால் சொன்னதற்கும் ஒரு வருட வித்தியாசம் இருந்தால்கூட ஒரு குடும்பத்தின் வீட்டுக்கு ஆபத்து. 1992–93 மும்பைக் கலவரக் கதைகளும் இப்படித்தான். திறந்த சந்தில் கேட்க வேண்டாம், சொல்பவரே உள்ளே கூப்பிட்டுச் சொன்னால் கேளுங்கள், பிறர் பெயர் வந்த இடங்களைக் குறித்து வைத்து மூடுங்கள். சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்தில் அவர் குரலிலேயே வாங்குங்கள்: யார் கேட்கலாம், எது வெளியே போகலாம், பிறகு வேண்டாம் என்றால் அழிக்கலாம் என்ற மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்த பிறகு இன்னொருமுறை கேளுங்கள், ஏனென்றால் என்ன சொல்லப் போகிறோம் என்பது தொடக்கத்தில் அவருக்கே தெரியாது.

எழுத்தாக்கம்தான் பலர் சோர்ந்துபோகும் இடம். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசும் சந்துப் பதிவு என்றால் இன்னும் கூட. தானாக எழுத்தாக்கும் மென்பொருளை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்தலாம். செய்தித் தமிழுக்குப் பழகிய அது நெல்லை வழக்கும் இந்தியும் மராத்தியும் கலந்த பேச்சில் தடுமாறும். கோலி என்றால் இங்கே அறை, அதற்கு விளையாட்டுக் குண்டு. சால், நாக்கா, மோரி, கட்டர், பாடா, பகடி போன்ற மும்பைப் பேச்சுச் சொற்களை நல்ல தமிழாக்கித் திருத்தாதீர்கள். ஒருவர் எந்த இடத்தில் 'வீடு' என்கிறார், எந்த இடத்தில் 'கோலி' என்கிறார் என்று மட்டும் அடிக்கோடிட்டுப் பாருங்கள். வீடு என்ற சொல் ஊர் வீட்டுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தால், நாற்பது வருடம் இங்கே இருந்தவர் எதை எதற்குக் கீழே வைத்திருக்கிறார் என்பது அந்த ஒரு சொல்லில் தெரிந்துவிடும். திருத்தி எழுதினால் அது போய்விடும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, வீட்டுக் குறி, எண் மூன்றும் போதும். மூன்று பிரதி வையுங்கள்: போனில் ஒன்று, ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, வேறொரு வீட்டில் ஒன்று. அந்த வேறொரு வீடு உங்கள் சந்தில் இல்லாமல் இருக்கட்டும், மழைத் தண்ணீர் சந்து முழுக்கத்தான் ஏறும். ஒருவருக்கொருவர் அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், அப்போதுதான் ஒலி நசுங்காது.

பதிவு செய்ததை இரண்டு வாரம் கழித்து அதே வாசலில், அதே நேரத்தில், சின்ன ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். இந்த வேலையில் அதிகம் கிடைப்பது அன்றைக்குத்தான், அதனால் அன்றும் மைக் ஓடட்டும். "அவரு சொன்னது தப்பு" என்று தொடங்கி மூன்று புதுக் கதை வரும். பழையதும் புதியதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தைக் காலி செய்து மாற்றிடத்துக்குப் போன பிறகு வேலை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்து அதே ஏ3 தாளைப்போல இன்னொன்றை எடுத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்குப் போங்கள். ஆச்சி எங்கே உட்காருகிறார் என்று முதலில் குறியுங்கள்: லிஃப்டுக்கு எதிரே படியிலா, வாட்ச்மேன் நாற்காலிக்குப் பக்கத்திலா, கீழே கோயில் திண்ணையிலா, இல்லை கதவைச் சாத்திவிட்டு டிவி முன்னாலா. எதிர் வாசல் அக்கா எந்த மாடியில் இருக்கிறார் என்றும் குறியுங்கள். வேறு கட்டடம் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே இடத்தில் உட்கார வையுங்கள், உரிக்கக் கொஞ்சம் பூண்டும் கொடுங்கள், பிறகு ரெக்கார்டரைப் போடுங்கள்.